டால்ஸ்டாய் பண்ணை

வீட்டு வாடகையும் கடைக்கணக்கும் ஒருங்கே வந்து நிற்கும் மாத முடிவிலே, நகரத்தில் உத்தியோகம் பார்ப்போர் பலருக்கு, ஊருக்குப் போய் நாலு பரப்புக் காணியைக் கொத்திப் பயிரிட்டு வாழலாமே என்னும் எண்ணம் எழுவதுண்டு. சம்பளம் கைக்கு வந்ததும் அவ்வெண்ணம் மறைந்துவிடும். அதனைச் செய்கையிற் காட்டிய ஒரு கூட்டத்தாரின் வரலாறு அறியத்தக்கது. அக்கூட்டத்திலே தமிழரும் பலர் இருந்தனர்.

தென்னாபிரிக்காவின் திரான்சுவால் பகுதியில், இந்தியரைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் சட்டத்தை எதிர்த்து 1906ஆம் ஆண்டில் காந்தியடிகள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நிதியோ கரைந்துகொண்டே வந்தது. இந்நிலையிலே, அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹேர்மன் கலன்பாக், ஜொஹானஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த தமது 1,100 ஏக்கர் நிலத்தை 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் வாடகையின்றி ஒப்படைத்தார். ஆகவே, நகரத்தின் இரைச்சலுக்கு அஞ்சி ஓடியவர்கள் அல்லர் இவர்கள். தேவைகளைக் குறைத்தாலன்றி நெடுநாள் எதிர்த்து நிற்றல் இயலாது என்று கண்டே பண்ணைக்குச் சென்றனர்.

அங்கே தோடை முதலிய கனிமரங்கள் ஏறக்குறைய ஆயிரம் நின்றன. வேலைக்காரர் எவரும் இலர். சமையல் முதல் மலசலகூடச் சுத்திகரிப்பு வரை யாவும் தங்கள் கையாலேயே நடைபெற்றன. கழிவுகள் மண்ணிற் புதைக்கப்பட்டு எருவாயின. கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்தனர். கலன்பாக் ஒரு துறவிமடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கப் பழகிவந்து, மற்றவர்க்கும் கற்பித்தார். சொந்த அலுவலாக நகருக்குப் போக விரும்புவோர் நடந்தே போதல் வேண்டும் என்பது விதி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, வீட்டில் சுட்ட ரொட்டியும் நிலக்கடலை வெண்ணெயும் கட்டிக்கொண்டு புறப்படுவர். இதனால் மீதமான பணம் சிறிதன்று. உடல் பெற்ற உறுதி அதனினும் பெரிது.

பண்ணைப் பள்ளிக்கூடம் தனியே சொல்லத்தக்கது. காலையெல்லாம் மண்வெட்டியோடு நின்ற பிள்ளைகளுக்கும் ஆசிரியர்க்கும் பிற்பகல் வகுப்பிலே தூக்கம் வந்துவிடும். கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு படித்தார்கள். அந்நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. காந்தியடிகளே அவர்களுக்கு அரிச்சுவடி கற்பித்தார். அவருடைய தமிழோ கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையருடைய கைந்நூலைக் கொண்டு கற்ற சிறிதளவே. ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால், மாணவர்களே மொழிபெயர்ப்பாளராயினர். தமக்குத் தெரியாததை அவர் மாணவரிடம் மறைத்ததில்லை. எல்லா ஆசிரியர்க்கும் இது எளிதாக வருவதன்று.

பண்ணை முற்றிலும் தன்னிறைவு பெற்றுவிட்டது என்று கூறுதல் மிகையாகும். நிலம் ஒருவர் தந்தது; இந்தியாவிலிருந்து நன்கொடையும் வந்தது. நாலு பரப்பிலே முழு விடுதலை காண எண்ணுவோர் இதனையும் கருதுதல் வேண்டும். பண்ணை அளித்தது வேறொன்று. குறைந்த செலவில் வாழக் கற்றவரைச் சம்பளத்தைக் காட்டி அச்சுறுத்துதல் அரிது.

1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் நேத்தாலிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்குப் பெயர்ந்தார். அதே ஆண்டிற் போராட்டம் மீண்டும் மூண்டபோது, பண்ணையில் வாழ்ந்து பழகிய பெண்கள், பெரும்பாலும் தமிழர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தஞ் செய்யத் தூண்டினர், சிறையும் புகுந்தனர். நவம்பர் 6ஆம் நாள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் திரான்சுவால் எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கினர். சிறைப்படாவிடில் அவர்கள் சென்று தங்குவதற்குக் குறித்திருந்த இடம் டால்ஸ்டாய் பண்ணையே. எனினும் 10ஆம் நாள் பல்பூர் என்னுமிடத்தில் அவர்கள் தடுக்கப்பட்டு, ரெயில்களில் ஏற்றப்பட்டு நேத்தாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.