பன்னிரண்டு ஆண்டு பின்னே போன சர்வர்கள்

2012 நவம்பர் 19. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ‘டிக்’, ‘டாக்’ என்ற நேர சர்வர்கள், ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக, ‘இது 2000ஆம் ஆண்டு’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அதை அப்படியே நம்பிய நிறுவனங்களின் விண்டோஸ் சர்வர்கள் பன்னிரண்டு ஆண்டு பின்னே போயின. ஊழியர்களால் லாகின் செய்ய முடியவில்லை. அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இரு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் பொதுவாக உள்ளே விடாது.

கணினிகள் ஏன் வெளியே நேரம் கேட்கின்றன? அவற்றின் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 0.86 விநாடி தவறும். சூடு ஏறினால் ஓட்டம் இன்னும் மாறும். பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் வடிவமைத்து, 1985இல் வெளியான என்டிபி நெறிமுறை இதைத் திருத்துகிறது. கேள்வி புறப்பட்டது, போய்ச் சேர்ந்தது, பதில் கிளம்பியது, வந்து சேர்ந்தது என நான்கு நேரங்களை வைத்துப் பிழையைக் கணக்கிடும். கணக்கு அழகானதுதான், ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. போக 10 மில்லிவிநாடி, வர 50 என்றால் கடிகாரம் 20 மில்லிவிநாடி தவறாகவே நிற்கும். அந்த ஒரு சர்வரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது தெரியவே வராது.

நடைமுறையில் வரும் கோளாறுகள் பல இவ்வளவு நுட்பமானவை அல்ல. என்டிபியின் நிலவரப் பட்டியலில் ‘ரீச்’ என்றொரு பத்தி உண்டு. 377 என்றிருந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் முதலில் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். யுடிபி 123ஆம் போர்ட் அடைபட்டிருக்கக்கூடும்.

இன்னொன்று: வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் பழைய என்டிபி நிரல் வழக்கமாகத் திருத்த மறுத்து நின்றுவிடும். நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்து இந்தக் கட்டுப்பாட்டையே நீக்கிவிடுபவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் போகாமல் தடுத்திருக்கக்கூடிய பூட்டு அதுதான்.

எத்தனை சர்வர்களைக் கேட்பது? ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்றில் பெரும்பான்மை பிறக்கும். நான்கு இருந்தால் ஒன்று செத்தாலும் அது தொடரும். எல்லாம் ஒரே இடத்தவையாக இருக்கக்கூடாது என்பது முக்கியம். ‘டிக்’கையும் ‘டாக்’கையும் மட்டும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அன்று எண்ணிக்கை கைகொடுக்கவில்லை.

இந்தியாவில் இது சட்ட விஷயமும்கூட. தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு சர்வர்களை ஒத்திசைக்கும்படி 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. பல நாடுகளில் கணினி வைத்திருக்கும் நிறுவனங்கள் வேறு மூலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த நேரம் இவற்றிலிருந்து விலகக்கூடாது. ஏனெனில் இணையத் தாக்குதலை விசாரிப்பவர்கள், எந்தச் சர்வரில் எது முதலில் நடந்தது என்பதை அவற்றின் பதிவேடுகளை ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்துகிறார்கள்.