லாரியில் வானொலி இருந்த இடத்தில் ஒரு வழிகாட்டி

தேனி மாவட்டத்தில் ஒரு லாரியின் வருவாயை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கம்பத்துப் பன்னீர் திராட்சையும் வாழைத்தார்களும் காய்கறிகளும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் ஏறிக் கேரளத்துக்குச் செல்கின்றன. ஏலக்காய் அதே மலைகளிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கி வருகின்றது. இந்நெடும் பயணங்களில் ஓட்டுநருக்குத் துணையாயிருப்பது வண்டியோடு வந்த வானொலிப் பெட்டி. 100.5-இல் ஒலிக்கும் கோடைப் பண்பலையை அறியாத ஓட்டுநர் இப்பகுதியில் இல்லை எனலாம்.

இப்பொழுது அப்பெட்டியைக் கழற்றிவிட்டு, வழிகாட்டும் திரையைப் பொருத்திக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆயினும், குடும்பத்தின் சேமிப்பிலிருந்து பணம் எடுக்குமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நலம்.

வழிகாட்டிக் கருவி வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெறுகின்றது. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், வண்டி நிற்குமிடத்தைக் கணித்துவிடும். அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கு இதன் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அத்தடை நீங்கிய பின்னரே சாலைப் பயணத்துக்கு இது நன்கு பயன்படலாயிற்று. இடத்தை அறியக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தைப் பெறத்தான் தேவை. மலைச்சாலையில் கோபுரத் தொடர்பு அறுந்துபோவதுண்டு. ஆகவே, வரைபடத்தைக் கருவியிலேயே முன்கூட்டிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதில்தான் பெருந்தவறு நேர்கின்றது. கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இணைந்து 24 வோல்ட் மின்சாரம் தருகின்றன. கார்களுக்கென விற்கப்படும் திரைகளோ பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. நேரே இணைத்தால் கருவி கருகிவிடும். ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால் அது விரைவில் தளர்ந்துவிடும். மற்றது அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறும். நாளடைவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டரையும், தக்க ஃபியூஸையும் வைத்துப் பொருத்துவதே முறை. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி இவற்றைத் தவிர்ப்பது வண்டியையே நெருப்புக்கு இரையாக்கக்கூடும்.

பெட்டி அமரும் இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். வழக்கமான வானொலியின் முகப்பு 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்டது, பெரிய திரைகளுக்கு 10 செ.மீ. உயரம் வேண்டும். ஆன்டெனாவை வானம் தெரியும்படி முன்கண்ணாடியின் அருகே வைத்தல் வேண்டும். பண்பலை வசதியும் உள்ள திரையாகத் தேர்ந்துகொண்டால் பழைய துணையையும் இழக்க வேண்டியதில்லை.

எல்லாம் செம்மையாக அமைந்தாலும் திரை கூறுவதனைத்தையும் நம்பிவிடலாகாது. கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் காருக்கே வழி சொல்பவை. பாரம் ஏற்றிய லாரியின் உயரத்தையும் எடையையும் அவை அறியா. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் யார் ஒதுங்குவது என்பதும் அவற்றுக்குத் தெரியாது. சபரிமலைப் பருவத்தில் அங்குச் செல்லும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியே அனுப்பி, குமுளி வழியே திருப்புவது காவல்துறையின் வழக்கம். அத்தகைய நாளில் திரையைவிட அடிவாரத்தில் நிற்கும் காவலரின் சொல்லே மேலானது. குறுக்கு வழி என்று தோட்டத்துப் பாதையில் நுழைந்துவிட்டால் திரும்ப இடமின்றித் தவிக்க நேரும்.

2020 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டுகையில் கைக்கருவியை வழி அறிவதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கின்றது. ஆகவே, செல்லுமிடத்தைப் புறப்படுமுன்பே பதிந்துவிட வேண்டும். வண்டி ஓடுகையில் குரலைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் திரைப்படம் பார்ப்பது அறவே கூடாது.

இல்லத்தரசியருக்கும் இதில் பங்குண்டு. ‘எங்கே இருக்கின்றீர்கள்?’ என்று மலையேறும் நேரத்தில் அழைப்பது அன்பினால்தான். ஆயின் அந்த அழைப்பே அவர் கண்ணைச் சாலையிலிருந்து திருப்பிவிடும். குமுளிக்கு லோயர் கேம்ப், போடிமெட்டுக்கு முந்தல் என்று அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அவரே பேசட்டும். மலையைக் கடந்தபின் மீண்டும் பேசட்டும். இடைப்பட்ட நேரத்தில் நாம் பொறுமையோடு துஆச் செய்துகொண்டிருப்போம். இந்த ஏற்பாட்டைக் கருவி வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.