எண்ணெய்க் கத்தரிக்காய்: பக்குவம் செடியிலிருந்தே

உரம், மருந்து என்று பேசுகிறவர் இன்றைக்குச் சமையலைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பின் பக்குவம் செடியிலிருந்தே தொடங்குகிறது.

ராஜகீழ்ப்பாக்கம் இப்போது தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கே கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவருக்கும், கிராமத்தில் அரை ஏக்கர் போட்டிருப்பவருக்கும் சத்துரு ஒன்றுதான்: தண்டு, காய்ப்புழு. அதற்குப் பயந்து அடிக்கடி மருந்து அடிக்கிறோம். காயையோ நாலைந்து நாளைக்கு ஒரு தடவை பறித்தாக வேண்டும். நேற்று அடித்து இன்று பறித்தால் அந்தக் காய் சந்தைக்கு மட்டும் போகாது, நம்ம பிள்ளைகள் தட்டுக்கும் வரும்.

'கழுவினால் போயிடும், கொதிச்சா போயிடும்' என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. தோல் மேலே இருப்பதில் ஒரு பகுதி கழுவினால் போகும். செடிக்குள்ளே ஊடுருவுகிற மருந்து சதையிலும் இருக்கும். அது கழுவிப் போகாது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தாச்சு.

ஆகவே, முதலில் பறியுங்கள், பிறகு அடியுங்கள். டப்பாச் சீட்டில் போட்டிருக்கும் நாள் கழியும் வரை அடுத்த பறிப்பு வேண்டாம். வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளி எரித்து விடுங்கள். துளை விழுந்த காயையும் செடியில் விடாதீர்கள். கொல்லைச் செடிக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் போதும்.

இனி அடுப்புக்கு வருவோம். பளபளப்பான பிஞ்சுக் காயாக அரைக் கிலோ எடுங்கள். முற்றின காயில் விதை கடினப்பட்டுக் கசக்கும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி கிடைத்தால் இதற்கு நன்றாக இருக்கும்; 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. காம்பை விட்டு வைத்து, நாலாகக் கீறி, உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டின சதை காற்றுப் பட்டுக் கறுப்பதை அது தடுக்கும்.

தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப் பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, எள் 1 கரண்டி, தேங்காய்த் துருவல் ஒரு பிடி, இவற்றை வறுத்து, உப்புச் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். பாதியைக் காய்க்குள் அடையுங்கள்.

கத்தரிச் சதை பஞ்சு மாதிரி, ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். அதனால் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, காயைப் போட்டு, தட்டு மூடி, சின்னத் தீயில் திருப்பி விடுங்கள். சொந்த ஆவியிலே காய் சுருங்கும், எண்ணெய் மிச்சமாகும். பிறகு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மீதி மசாலாவும் மஞ்சள் தூளும் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்க விட்டு இறக்குங்கள்.

நல்ல காயை விற்று, சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் மாற்றுங்கள். முதல் பறிப்பிலே ஒரு கூடை நம்ம அடுப்புக்கு என்று ஒதுக்குங்கள். வயலில் நாள் பார்த்துப் பறித்தால் உண்பவர் யாராயிருந்தாலும் பயமில்லை.