கையளவு நிலமும் ஒரு மட்டையும்

கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக மலையேறி உதகமண்டலத்தை அணுகுகிறவர், அலை அலையாகச் சரிந்து கிடக்கும் ஒரு பசும்புல் வெளியைக் காண்பார். அது ஊட்டி ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம். 18 குழிகள் கொண்ட அம்மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடிக்கு அதிகமான உயரத்தில் உள்ளது. வெள்ளைக்காரர் ஆட்சியில் துரைமார் ஆடினார்கள். நம்மவர் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னே நடந்தார்கள். 1947-க்குப் பின் துரைமார் கப்பலேறினார்கள்; ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது.

‘அது செல்வர்களின் பொழுதுபோக்கு, நமக்கு அதில் என்ன?’ என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த ஆட்டத்தில் பணத்துக்கும் உடல் வலிமைக்கும் அடங்காத பகுதி ஒன்று உண்டு. ‘பிட்ச்’ எனப்படும் குறுந்தூர அடியே அது. பந்து உயர எழும்பி, குழியைச் சூழ்ந்த மெல்லிய புல்தரையில் விழுந்து, சிறிது உருண்டு நிற்க வேண்டும். இருபது கஜம் முதல் அறுபது கஜம் வரையுள்ள தூரம்தான். ஆனால் முந்நூறு கஜம் பறந்த அடியும் ஓர் அடியே. முப்பது கஜம் பறந்த அடியும் ஓர் அடியே. கணக்கு எழுதுகிறவன் இரண்டுக்கும் பேதம் பார்ப்பதில்லை. வெற்றி தோல்வி பெரும்பாலும் குழிக்கு அருகிலேயே தீர்மானமாகிறது.

இந்த அடியில் பழகாதவர் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, பந்தைத் தாமே தூக்கிவிட முயல்வது. அது வீண் சிரமம். இதற்கான ‘வெட்ஜ்’ மட்டையின் முகம் ஏறக்குறைய 46 முதல் 60 பாகை வரை சாய்த்தே செய்யப்பட்டிருக்கிறது. தூக்கும் வேலை அதனுடையது. ஆடுகிறவர் மட்டையைச் சற்றே கீழ்நோக்கிச் செலுத்தி, முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொடச் செய்தால் போதும். கால்களை நெருக்கி வைத்து, உடற்பாரத்தைக் குழிப்பக்கத்துக் காலில் சிறிது சாய்த்து நின்றால் இது தானே கைகூடும்.

இரண்டாவது, மட்டையை வெகுதூரம் பின்னே கொண்டுபோய், பந்தை நெருங்கும்போது பயந்து வேகத்தைக் குறைப்பது. தயங்கிய கை தரையையே வெட்டும். பின்னே சிறிதளவு கொண்டுபோய், முன்னே தாராளமாகச் செல்லவிட வேண்டும். இடுப்பளவு வீச்சுக்கு எத்தனை கஜம், மார்பளவு வீச்சுக்கு எத்தனை கஜம் என்று அப்பியாசத்தில் அளந்து வைத்துக்கொள்வதே வழி. மூன்றாவது, குழியையே நோக்கி அடிப்பது. நோக்க வேண்டியது பந்து விழவேண்டிய இடத்தை. மிச்சத் தூரத்தை உருளல் பார்த்துக்கொள்ளும்.

மலைநாட்டுக்கு வேறு பாடங்களும் உண்டு. ஏற்றத்தில் கிடக்கும் பந்து மிக உயர்ந்து குறைந்த தூரத்தில் விழும். இறக்கத்தில் கிடப்பது தாழப் பறந்து அதிகம் உருளும். ஆகவே தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து நின்று, வீச்சைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பகுதியின் தரை ஊறிப்போகும். ஈரத்தரையில் பந்து உருளாது. குழிக்கு இன்னும் அருகில் விழச் செய்ய வேண்டும்.

இவ்வித்தைக்குப் பிறப்பும் செல்வமும் தேவையில்லை என்பதற்கு நமது தேசத்திலேயே சான்று உண்டு. 1829-இல் ஏற்பட்ட கல்கத்தா ராயல் கோல்ப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் சிவசங்கர் பிரசாத் சௌராசியா. நெடுந்தூரம் அடிப்பதில் அவர் பெயர் பெற்றவரல்லர். குழிக்கு அருகே காட்டிய கைத்திறமையே அவருடைய மூலதனம். 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியிலும், 2016, 2017 ஆண்டுகளில் தொடர்ந்து இந்தியன் ஓப்பன் போட்டியிலும் உலகத்து ஆட்டக்காரர்களை வென்றார். அவருக்கு முன், டில்லியில் பை சுமந்து ஆட்டம் கற்ற அலி ஷேர் 1991-இல் அதே இந்தியன் ஓப்பனை வென்றார்.

‘நிலவுரிமைக்கே வழக்காடும் கூடலூரில் கோல்ப் ஒரு கேடா?’ என்று சிலர் சீறலாம். 1969-இல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் நீண்ட வழக்குகளைக் கண்ட மக்கள் அவர்கள். புதிய மைதானத்துக்காகக் காட்டையோ விளைநிலத்தையோ ஒரு சென்ட் அளவும் எடுக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயமும். குறுந்தூர அடிக்கு அவ்வளவு நிலம் வேண்டுவதும் இல்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓர் ஓரம், பழைய மட்டை ஒன்று, பத்துப் பந்துகள், பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு கூடை: இவ்வளவு போதும். அடிக்கும் திசையில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இருக்கும் மைதானங்களின் நிர்வாகிகள் வாரத்தில் ஒரு காலைப் பொழுதைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. பை சுமக்கும் கைக்கு மட்டை பிடிக்கவும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது நமது கடமை. பெற்றபின் திறமையைக் காட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு.