நீர்ப்பூட்டு (தானுந்து)

நீர்ப்பூட்டு என்பது தானுந்துப் பொறியின் உருளைக்குள் நீர் புகுந்து, பிஸ்டனின் இயக்கத்தைத் தடுக்கும் பழுது ஆகும். பணிமனைகளில் இது ஹைட்ராலிக் லாக் என அழைக்கப்படுகிறது.

காரணம்

உருளைக்குள் காற்றை எளிதில் அமுக்கலாம். நீரை அவ்வாறு அமுக்க இயலாது. காற்றுவடிகட்டி வழியே உள்ளிழுக்கப்பட்ட நீர், மேலேறும் பிஸ்டனைத் தடுக்கும்போது இணைப்புத் தண்டு வளையலாம் அல்லது உடையலாம்.

தமிழ்நாட்டில்

2015 திசம்பர் வெள்ளத்தில், படப்பைக்குக் கிழக்கே அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் ஏராளமான ஊர்திகள் நீரில் மூழ்கின. படப்பைக்கு மேற்கே உள்ள ஒரகடம் தானுந்து உற்பத்தி மையமாகும்.

அறிகுறிகள்

* தேங்கிய நீரில் செல்லும்போது பொறி திடீரென நிற்றல்
* சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும் எழுந்து, பொறி சுழலாதிருத்தல்
* காற்றுவடிகட்டி நனைந்திருத்தல்
* பொறி எண்ணெயில் நீர் கலந்து, அது பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருத்தல்

செய்ய வேண்டியவை

நீரில் நின்றுபோன தானுந்தை மீண்டும் இயக்க முயலக்கூடாது. இம்முயற்சியால் பொறி பெரும் சேதம் அடையலாம். மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, இழுவை ஊர்தி மூலம் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்குப் பெட்ரோல் பொறியாயின் தீப்பொறிச் செருகிகளையும், டீசல் பொறியாயின் எரிபொருள் பீய்ச்சிகளையும் கழற்றி நீரை வெளியேற்றுவர். பின்னர் எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றப்படும்.

காப்பீடு

நீரில் நின்ற பொறியை மீண்டும் இயக்கியதால் நேரும் சேதத்திற்கு, இந்தியாவில் அடிப்படைக் காப்பீட்டின்கீழ் பொதுவாக இழப்பீடு மறுக்கப்படுகிறது. இதற்கெனப் பொறிப் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு தனியே விற்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே அதனைப் பெற்றிருத்தல் நன்று.