அரிதாரம் சோறு போடுமா?

பட்டம் கைக்கு வந்துவிட்டது. மயிலாப்பூரிலே படித்து முடித்த இளைஞன் வீட்டில் சொல்கிறான்: “அப்பா, நான் நாடகத்துக்குப் போகிறேன்.” தங்கையும் சேர்ந்துகொள்கிறாள்: “பாட்டுதான் எனக்குத் தொழில்.” தந்தை கேட்பது ஒரே கேள்வி: “அரிதாரம் சோறு போடுமா?”

கலையை வெறுப்பவர் கேட்கும் கேள்வியன்று இது. கணக்கறிந்தவர் கேட்கும் கேள்வி! சென்னை மேடையின் வரலாறே அவருக்காகச் சாட்சி சொல்லும்.

1891இல், மாணவப் பருவத்திலேயே, சுகுண விலாச சபையைத் தொடங்கினார் பம்மல் சம்பந்தனார். படித்தவன் வேடம் கட்டுவது இழிவு என்றிருந்த நாளில் அந்த இழிவைத் துடைத்தார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது எது? வழக்கறிஞர் தொழில், பிறகு நீதிபதிப் பதவி! விலங்கியல் பட்டதாரியான பாலசந்தர் 1950இல் சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் எழுத்தரானார். பகலில் கோப்பு; மாலையில் ஒத்திகை. திரைப்படத்தில் கால் ஊன்றிய பிறகே வேலையைத் துறந்தார். சோ வழக்கறிஞர். கிரேசி மோகன் பொறியாளர். மாதச் சம்பளம் மேடையைத் தாங்கிற்று. மேடையா அவர்களைத் தாங்கிற்று?

மறுபுறம் பாருங்கள். 1918இல் சங்கரதாசு சுவாமிகளின் குழுவில் சேர்ந்தான் சிறுவன் டி.கே. சண்முகம். நாடகமே தொழில், குழுவே வீடு. ஆனால், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதல்லவா அது! தொழில் கிடைத்தவனுக்குப் படிப்பில்லை; படித்தவனுக்குத் தொழிலில்லை!

இசை மட்டும் விதிவிலக்கா? அரசு இசைக் கல்லூரி 1949இல் பிறந்தது. இன்று கிரீன்வேஸ் சாலை வளாகத்திலிருந்து ஆண்டுதோறும் பயின்றவர் வெளிவருகின்றனர். அவர்களுக்கு மார்கழியில் மயிலாப்பூரும் தியாகராய நகரும் தருவது பெரும்பாலும் மதியக் கச்சேரி. மதியத்திற்கு நுழைவுக் கட்டணம் இருப்பது அரிது. கட்டணமில்லாத மேடையில் சன்மானம் எவ்வளவு தேறும்? பக்கவாத்தியம் உண்டு, போக்குவரத்து உண்டு. போட்டுப் பாருங்கள் கணக்கை!

“காத்திரு, காலம் வரும்” என்கிறார்கள் பெரியவர்கள். காத்திருக்க யாரால் முடியும்? சொந்த வீடும் சொந்தபந்தமும் உள்ளவனால் முடியும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு முடியுமா? அவன் சம்பளத்தை எதிர்பார்த்து அடுப்பு காத்திருக்கிறதே! அவன் கலையை விடுகிறான். திறமை இல்லாததால் அன்று, வசதி இல்லாததால். நட்டம் அவனுக்கு மட்டுமா? அவன் தெருவின் பேச்சு, அவன் தாயின் பாட்டு, எல்லாம் மேடைக்கு வராமலே போகின்றன.

கலைஞனுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒத்திகைக்குக் கூலி தருகிறோமா? பள்ளிதோறும் ஓர் இசையாசிரியர், ஒரு நாடக ஆசிரியர். வட்டாரந்தோறும் குறைந்த வாடகையில் ஓர் அரங்கம். இளங்கலைஞருக்கு, மதியமாயினும் மாலையாயினும், குறைந்தபட்சச் சன்மானம். இவை சலுகையல்ல, உழைப்புக்கு ஊதியம்!

அதைச் செய்துவிட்டால், தந்தையின் கேள்வியும் மாறும். “அரிதாரம் சோறு போடுமா?” என்று கேட்டவரே, “நாடகம் எத்தனை மணிக்கப்பா?” என்று கேட்பார்.