பாட்டுப் பெட்டிக்கு எத்தனை ரூபாய்?

திருவண்ணாமலையில் பெரிய கோயில் இருப்பது மலைக்குக் கிழக்கே. அங்கிருந்து மலையை வலமாகச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் வந்தால் அடி அண்ணாமலை. மணிவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான் என்பது ஊரார் நம்பிக்கை. அவருக்கு இங்கே ஒரு கோயிலும் உண்டு. மார்கழி விடியலில் தூங்குகிற தோழியை வாசலில் நின்று பாடியே எழுப்புகிறார்களே, அந்தப் பாட்டுத்தான் திருவெம்பாவை. அந்தப் பெண்களுக்குச் சங்கீதத்துக்கென்று ஆன செலவு காலணாக்கூட இல்லை.

இப்பொழுது அதே பாதையில் பௌர்ணமி இரவு நடந்து பாருங்கள். பதினான்கு கிலோமீட்டரும் வழி நெடுகப் பாட்டுத்தான். ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு காதில் நுழைந்துவிடுகிறது.

இந்தப் பாதையோரம் ஒரு குடும்பம் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண், கணவரின் தாயார். மாத வருமானம் 40,000 ரூபாய். ஒரு நாள் மாலை கணவர் பளபளவென்ற ஒரு விளம்பரத் தாளுடன் வீட்டுக்கு வருகிறார். ஆம்ப்ளிபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், எல்லாம் சேர்ந்து 80,000 ரூபாய். “தவணைதான், ஒன்றும் தெரியாது” என்கிறார். தவணை என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; மளிகைக் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

சம்பளத்தில் எத்தனை பங்கு பாட்டுக்குக் கொடுக்கலாம்? இது நம் பாட்டிமார்கள் காலத்துக் கேள்வி. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. அதற்குப் பிறகும் வெகு காலம் ரேடியோ வாங்குவதென்பது நகை வாங்குகிற மாதிரி. சாமான்ய குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்காத விவகாரம். வாங்கின பிறகும் விட்டதா? வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். பல வருஷ காலம் அது 15 ரூபாய். 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இத்தனை அருமையான பெட்டியை எங்கே வைப்பார்கள்? கூடத்தில்தான். ஏரியல் கம்பி அங்கே, மின்சாரப் பிளக் அங்கே. பெட்டியின் தலையில் பூவேலை செய்த துணி. அந்தத் துணி மட்டும் அம்மாளின் கைவேலை. குமிழைத் திருப்புகிற உரிமை ஐயா அவர்களுக்கு. இரவுக் கச்சேரியைக் கேட்க வேண்டுமென்றால் அம்மாள் அடுப்புக் காரியத்தை முடித்துவிட்டுக் கதவோரம் வந்து நிற்க வேண்டும். அதற்குள் மங்களம் பாடியாகிவிடும்!

இந்த நிலையை மாற்றியது ஒரு சின்னஞ்சிறு சாதனம். 1954-இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ சுமார் 50 டாலர் விலையில் கடைக்கு வந்தது. நம் நாட்டில் அது பரவச் சில வருஷங்கள் பிடித்தன. அதற்குள் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவிதபாரதியும் பிறந்துவிட்டது. கம்பி வேண்டாம், பிளக் வேண்டாம், பாட்டரி போதும். ரேடியோ சமையலறை அலமாரிக்குக் குடிவந்தது. கையகல ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி சரியாகக் கேட்காது என்பது வாஸ்தவந்தான். ஆனால் வீட்டிலேயே அதிக நேரம் இருப்பவளின் காதுக்குப் பாட்டு எட்டியது அப்பொழுதுதான்.

ஆகையால், வருமானத்தில் எத்தனை சதவிகிதம் என்று கேட்பதற்கு முன்னால், யாருடைய காது, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நம் அடி அண்ணாமலைக் குடும்பத்தின் கணக்கையே போட்டுப் பார்க்கலாமே. 80,000 ரூபாய் ஸ்பீக்கரைக் கணவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் கேட்கிறார். வருஷத்துக்கு 104 மணி. எட்டு வருஷம் உழைத்தால் 832 மணி. மணிக்கு ஏறக்குறைய 96 ரூபாய் ஆகிறது. மனைவி 3,000 ரூபாயில் ஒரு சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிச் சமையலறையில் வைத்து, தினம் மூன்று மணி நேரம் கேட்கிறாள். மூன்று வருஷத்தில் அது கெட்டுப்போனாலும் 3,285 மணி. மணிக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

கணவருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். நல்ல சங்கீதத்தில் உண்மையான பித்து உள்ளவர் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். அவர் விஷயத்தில் கணக்கு மாறிவிடும். மணிக்கு 14 ரூபாய்க்குள் இறங்கிவிடும். அப்படிப்பட்டவரிடம் “சின்னதாக வாங்குங்கள்” என்று சொல்வது பாவம். முதலில் இரண்டு மாதம் இருக்கிற சாதனத்தில் தினம் கேட்டுக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பித்துக்கள் இரண்டு மாதத்தில் தெளிந்துவிடும்.

பொதுவாக என்னைக் கேட்டால், முதல் தடவை வாங்குகிற குடும்பம் அரை மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். அதுவும் கையில் சேர்த்துவைத்த பணமாக இருக்கட்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்கிறார்களே, அதில் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். சில சமயம் தனிக் கட்டணமும் ஏறும். அந்த அரை மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு ஸ்பீக்கருக்கே போகட்டும். இரண்டு கெஜம் ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

கடையில் முதலில் காட்டுவது வாட் கணக்கு. ‘ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட்’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருந்தால் அதை நம்பவே வேண்டாம். ‘ஆர்.எம்.எஸ்.’ கணக்கில் எத்தனை வாட் என்று கேளுங்கள். வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும்! நம் வீட்டுக் கூடத்துக்கு இருபது, முப்பது வாட்டே தாராளம்.

கூடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வெறும் சிமெண்டுச் சுவரும் பளிங்குத் தரையுமாக இருந்தால் எந்த விலை ஸ்பீக்கரும் கிணற்றுக்குள் பாடுகிற மாதிரித்தான் இருக்கும். கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, கீழே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, புஸ்தக அலமாரியைச் சுவரோரம் வைத்தால் எதிரொலி தணியும். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் கீழ் ஸ்வரங்கள் குமுறும். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். இதற்கெல்லாம் புதிதாகச் செலவு என்ன இருக்கிறது?

தெருச் சத்தம் வேறு விஷயம். விலை உயர்ந்த சாதனத்தின் பெருமை எதில் என்றால், தம்புராவின் மெல்லிய ரீங்காரம், பாடுகிறவர் மூச்சு விடுகிற ஓசை, இப்படிப்பட்ட சன்னமான ஒலிகளில்தான். கிரிவலப் பாதையோரம் பௌர்ணமி இரவு அதெல்லாம் எங்கே கேட்கப் போகிறது? அந்த வீட்டுக்கு 20,000 ரூபாய்ச் சாதனமும் 80,000 ரூபாய்ச் சாதனமும் அன்றைக்கு ஒன்றுதான். தெருவைக் குறை சொல்கிற நாமும் ஒன்று கவனிக்க வேண்டும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. நம் வீட்டுப் பாட்டு அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டில் வரைக்கும் போகக்கூடாது அல்லவா?

இன்னொரு செலவு உண்டு; அது விளம்பரத் தாளில் வராது. “ஒன்றுமே கேட்கவில்லை, இன்னும் பெரிதாக வை” என்று மாமியார் சொன்னால் பெரிய ஸ்பீக்கர் தேடி ஓடாதீர்கள். வயதானால் மேல் ஸ்வரங்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகும்; சத்தம் கேட்கும், வார்த்தை விளங்காது. ஒரு முறை காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காதுக் கருவி தேவை என்று அவர் சொன்னால், பாட்டுப் பெட்டிக்கு வைத்த பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான். பெண்ணின் காதில் சதா செருகியிருக்கும் சாதனத்தையும் மறக்கவேண்டாம். 80 டெசிபல் ஒலியைப் பெரியவர்களே வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது நல்லதல்ல என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு.

எல்லாம் யோசித்துக் கடைக்குப் புறப்பட்டாயிற்றா? அங்கே போடுகிற பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். அது பெட்டிக்குப் பொருத்தமாகப் பொறுக்கி எடுத்த பாட்டு. பல வருஷமாக நீங்கள் கேட்டுப் பழகிய ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். வார்த்தை சுத்தமாகக் கேட்கிறதா, வயலின் கிறீச்சிடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். சத்தத்தைக் குறைத்தும் கேளுங்கள், ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் கேட்கப்போகிறீர்கள். பாதியில் கடைக்காரர் குமிழைத் திருக வந்தால், “இருங்கள் ஐயா, சரணம் முடியட்டும்” என்று சொல்லிவிடுங்கள்.